கட்டக்கோரையின் வேதியியலும் எண்ணூர்க் கழிவெளியும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரச் சாலையில் போகிறவர்களுக்குக் கடலுக்கு முன்னால் கருங்கல்தான் கண்ணில் படும். 1881இல் திறக்கப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புகள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரம் நகரும் மணலை மறித்துக்கொண்டன. அதனால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை அரித்தது. குப்பங்களும் சாலையும் கடலுக்குள் போகப் போக, மிச்சத்தைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். முன்பு மணற்கரையாக இருந்ததால் கடல் தாவரம் பற்றிக்கொள்ள இங்கே இடம் இருக்கவில்லை. இன்று அந்தக் கற்களின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் பச்சைப் பாசி: இலைபோல் விரியும் உல்வா, முடிக்கற்றையாக நிற்கும் கீட்டோமார்ஃபா. கழிவுநீரின் நைட்ரஜனும் கலங்கிய நீரும் இவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.

இந்தக் கட்டுரை பேசப்போகும் பழுப்புப் பாசி இங்கே புதராக வளர்வதில்லை. அதற்குத் தெளிந்த நீரும், நிலையான பாறையும், நல்ல வெளிச்சமும் வேண்டும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அதன் பேரினத்தைச் சேர்ந்தவை கொஞ்சம் உண்டு. செழித்து நிற்பது மன்னார் வளைகுடாவில்தான். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து மீனவர்கள் அதைக் கட்டக்கோரை என்கிறார்கள். அறிவியல் அதற்கு இட்ட பெயர் சர்காசம் வைட்டி.

மன்னார் வளைகுடாவின் இந்தப் பாசியைச் சென்னையின் ஆய்வுக்கூடங்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கையில் எடுத்தன. கழிவுநீரில் கரைந்திருக்கும் உலோகங்களை இதைக்கொண்டு பிரித்தெடுக்கலாம் என்று சோதித்துக் காட்டின. இன்னொரு பக்கம் இதே பாசியிலிருந்து மருந்து, உரம், சத்துமாத்திரை, மக்கும் பிளாஸ்டிக் என்று வாக்குறுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எண்ணூரின் கழிவெளி சாம்பலாலும் எண்ணெயாலும் மூச்சுத் திணறும் நேரத்தில், கடற்பாசி வளர்த்தே அதைச் சுத்தப்படுத்திவிடலாம் என்ற பேச்சும் கேட்கிறது. இந்த வாக்குறுதிகளில் எது நிரூபணமானது, எது ஆய்வுக்கூடத்தைத் தாண்டாதது, எது வடசென்னைக்குப் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாசியின் மதிப்பும் அதன் ஆபத்தும் நீரில் கரைந்ததை அது பிடித்துக்கொள்வதிலிருந்தே வருகின்றன. உலோகத்தைப் பிடிக்கும் பாசியையும் மனிதர் உடலுக்குள் போகும் பாசியையும் ஒரே மூச்சில் பேசக் கூடாது.

சென்னைக்கும் கட்டக்கோரைக்கும் உள்ள உறவு பழையது. ராபர்ட் வைட் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியா வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1853 வரை சென்னை மாகாணத்தில் இருந்து தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்தவர். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எடின்பரோவைச் சேர்ந்த கிரெவில் இந்தப் பாசிக்கு வைட்டின் பெயரைச் சூட்டினார். அடுத்த பெரிய அத்தியாயம் மாநிலக் கல்லூரியின் எம்.ஓ.பி. அய்யங்காருடையது. 1886இல் பிறந்து 1963இல் மறைந்த அவரை இந்தியப் பாசியியலின் தந்தை என்று துறையினர் போற்றுகிறார்கள். பாம்பன் அருகே குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இலேயே சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் எழுதியவர் அவர். இன்று தமிழ்நாட்டில் பாசியியல் படிப்பவர் யாராக இருந்தாலும் அவருடைய மாணவர் மரபில் எங்காவது வந்து சேர்வார்.

பாசியைப் பொருளாதாரக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது விடுதலைக்குப் பிறகு. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1954இல் பாவ்நகரில் தொடங்கிய மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையமும் பின்னர் மண்டபத்தில் கிளை அமைத்தது. 1971 முதல் 1976 வரை தமிழகத்தின் தென்கடலில் 17,000 ஹெக்டேருக்கு மேல் நடந்த கணக்கெடுப்பு, ஈர எடையில் 22,044 டன் பாசி நிற்பதாகச் சொன்னது. அதில் 10,266 டன், அதாவது ஏறத்தாழப் பாதி, அல்ஜினேட் தரும் பழுப்புப் பாசிகள்: கட்டக்கோரையும், நீரோட்டமுள்ள பாறைகளில் முள்முள்ளாக நிற்கும் பக்கோடாப் பாசி எனப்படும் டர்பினேரியாவும். வடசென்னைக் கரை இந்தக் கணக்கில் வரவே இல்லை. வர வேண்டிய தேவையும் இல்லை, அங்கே எடுக்க எதுவும் இல்லை.

நோன்புக் காலத்தில் மண்ணடிக் கடைகளில் வாங்கிக் காய்ச்சும் கடல்பாசி இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது சிவப்புப் பாசிகளின் அகர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று பாம்பன் பெண்கள் எடுக்கும் இனங்களிலிருந்து வருவது. கட்டக்கோரையை நம் ஊரில் யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. அது ஏன் நல்லது என்பது பின்னால் விளங்கும்.

அல்ஜினேட்: எல்லாவற்றுக்கும் அடிப்படை

கட்டக்கோரை பாறையில் ஒரு பற்றுறுப்பால் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிறு சிறு காற்றுக் குமிழ்கள் அதன் கிளைகளை வெளிச்சம் நோக்கித் தூக்கிப் பிடிக்கின்றன. விறைத்து நின்றால் அலையில் முறிந்துவிடும். வளைந்துகொடுக்க வேண்டும், நீர் வற்றும் நேரத்தில் காயாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் அதன் செல்சுவரில் உள்ள அல்ஜினிக் அமிலம் செய்கிறது. காய்ந்த எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை அது இருக்கும். ஆண்டு முழுதும் ஒரே அளவு இருப்பதில்லை. பருவத்துக்குப் பருவம், இளசுக்கும் முற்றலுக்கும், இடத்துக்கு இடம் மாறும் என்பதை மண்டபத்தில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரித்தானிய வேதியியலாளர். ஸ்காட்லாந்தில் பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் எடுக்கும் தொழிலில் இருந்தவர் அவர். பாசியை எரித்துச் சாம்பலாக்கும்போது பயனுள்ள பொருளெல்லாம் வீணாகிறதே என்ற கவலை அவருக்கு இருந்தது. எரிக்காமல் சோடாவில் ஊறவைத்துப் பார்த்தபோது கிடைத்த கொழகொழப்பான பொருளுக்கு 1881இல் காப்புரிமை பெற்றார்.

வேதியியலில் இது ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இரண்டே வகைக் கண்ணிகள்: மானுரானிக் அமிலம், குலுரானிக் அமிலம். இரண்டாவது கண்ணி இருப்பதே 1955இல்தான் தெளிவானது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி தொங்குகிறது. நீரில் அது எதிர்மின் ஏற்றம் கொள்ளும், நேர்மின் ஏற்றமுள்ள உலோக அயனியை இழுக்கும். குலுரானிக் கண்ணிகள் வரிசையாக வரும் இடத்தில் சங்கிலி மடிந்து மடிந்து குழிகளாகிறது. அப்படி இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்தால், குழிக்கு ஒன்றாகக் கால்சியம் அயனி உட்கார்ந்து இரண்டையும் பிணைத்துவிடும். மளிகைக் கடையில் முட்டை அடுக்கியிருக்கும் அட்டைத் தட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 1973இல் இந்த அமைப்பை முன்மொழிந்த கிரான்ட், மோரிஸ், ரீஸ் முதலானோர் அதற்கு முட்டைப்பெட்டி என்றே பெயர் வைத்தார்கள்.

அல்ஜினேட் செய்யும் வேலைகளெல்லாம் இந்தப் பிணைப்பிலிருந்து வருகின்றன. பல் மருத்துவர் அச்செடுக்கப் பிசையும் பொடியில் சோடியம் அல்ஜினேட்டும் கால்சியம் சல்ஃபேட்டும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் கால்சியம் வெளிவந்து, சில நிமிடங்களில் வாயிலேயே இறுகுகிறது. புண்ணுக்கு வைக்கும் கால்சியம் அல்ஜினேட் பஞ்சு, கசியும் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விடுகிறது. பஞ்சு கூழாகிப் புண்ணை ஈரமாக வைக்கிறது, விடுபட்ட கால்சியம் இரத்தம் உறைய உதவுகிறது. நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் விற்கும் அல்ஜினேட் திரவம், இரைப்பை அமிலத்தின் மேல் மிதக்கும் ஒரு கூழ்ப் படலமாகி அமிலம் மேலேறாமல் தடுக்கிறது. இவை பத்தாண்டுக் கணக்கில் மனிதரிடம் பயன்பட்டுத் தேறிய மருத்துவங்கள். பழுப்புப் பாசியிலிருந்து வந்த மருந்து என்று தலை நிமிர்ந்து சொல்ல முதலில் இவைதான் இருக்கின்றன, பேசப்படுவது என்னவோ வேறு.

துணி அச்சிடுவதிலும் அதன் இடம் பெரிது. பருத்தியோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் ரியாக்டிவ் சாயங்களுக்கு வேறு பசைகளைக் கலந்தால் சாயம் பசையையே பிடித்துக்கொள்ளும், அச்சிட்ட துணி விறைப்பாகிவிடும். அல்ஜினேட்டின் எதிர்மின் ஏற்றம் சாயத்தைத் தள்ளி வைக்கிறது. சாயம் நூலுக்குப் போகிறது, பசை கழுவலில் போய்விடுகிறது. பற்றவைக்கும் எலக்ட்ரோடின் மேற்பூச்சிலும், ஐஸ்கிரீமிலும், காகிதத்திலும்கூட அது உண்டு.

எடுக்கும் முறை எளிதாகத் தெரியும், செய்யும்போது கடினம். காய்ந்த பாசியை நீர்த்த அமிலத்தில் கழுவிக் கால்சியத்தை வெளியேற்ற வேண்டும். நிறமும் துவர்ப்புப் பொருளும் கலக்காமலிருக்க ஃபார்மலினில் ஊறவைப்பதும் உண்டு. பிறகு சோடியம் கார்பனேட் கரைசலில் சூடாக்கினால் அல்ஜினேட் கரைந்து வரும். கோந்தாகிவிடும் அந்தக் கரைசலை வடிகட்டுவதுதான் பெரும்பாடு. வடித்ததைக் கால்சியத்தாலோ அமிலத்தாலோ திரளவைத்து, மீண்டும் சோடியம் உப்பாக்கி உலர்த்துவார்கள். அமிலம், காரம், ஃபார்மலின், மிகுதியான நன்னீர், வெளியேறும் கழிவுநீர் எல்லாம் இந்தத் தொழிலின் விலையில் அடங்கியவை. பாசித்தொழில் என்றாலே பசுமைத்தொழில் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உலகச் சந்தையில் சர்காசம் முதல் தேர்வு அல்ல. குளிர்கடலின் பெரும்பாசிகளான கெல்ப் வகைகளின் அல்ஜினேட் கெட்டியான கரைசல் தரும். வெப்பக்கடல் சர்காசத்தினுடையது பெரும்பாலும் அத்தனை கெட்டிப்படாது. ஆனால் குலுரானிக் கண்ணிகள் மிகுந்த சர்காச மாதிரிகள் உறுதியான கூழ் தருகின்றன, உலோகத்தையும் அழுத்தமாகப் பிடிக்கின்றன. துணிப்பசைச் சந்தையில் குறையாகப் பார்க்கப்படும் பாசி, உலோகம் பிடிப்பதில் முன்னே நிற்கிறது.

மற்றச் சேர்மங்களும் மருந்துப் பேச்சும்

அல்ஜினேட்டுக்கு அடுத்து ஆய்வாளர்களை ஈர்த்திருப்பது ஃபியூகாய்டன். கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி. 1913இல் சுவீடனின் கிலின் பிரித்தெடுத்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினோடு அமைப்பில் ஓரளவு உறவு இதற்கு உண்டு, சோதனைக்குழாயில் அதே குணத்தைக் காட்டும். பாசிக்குப் பழுப்பு நிறம் தரும் ஃபியூகோசாந்தின், பாசியை மேய வரும் உயிர்களுக்கு எதிரான துவர்ப்பாகச் செயல்படும் புளோரோடானின்கள், ஃபியூகோஸ்டெரால், சேமிப்புச் சர்க்கரையான லாமினாரின், மானிட்டால் ஆகியவையும் இருக்கின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது, வீக்கத்தைத் தணிப்பது, புற்றுசெல்லைக் கொல்வது, சர்க்கரையைக் குறைப்பது என்று இவற்றின் மேல் ஏற்றப்பட்ட குணங்கள் ஏராளம்.

கட்டக்கோரையை வைத்துத் தமிழகக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் கட்டுரைகளில் பெரும் பகுதி ஒரே அச்சில் இருக்கின்றன. பாசியைக் காயவைத்துப் பொடித்து மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்த சாறு, அதைக் கிருமித்தட்டில் அல்லது செல் வளர்ப்பில் ஊற்றிப் பார்த்த முடிவு. சாற்றில் எந்த மூலக்கூறு வேலை செய்தது என்று பிரித்தறிவது குறைவு. எந்த மாதம், எந்த ஆழம், எந்த முற்றல் என்ற விவரம் இருப்பது அதைவிடக் குறைவு. பாசியின் வேதியியல் பருவத்தோடு மாறும் என்று மண்டபத்தார் எப்போதோ சொல்லியிருக்க, இந்த விவரமில்லாத எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. இனப்பெயரிலும் சிக்கல் இருக்கிறது. சர்காசம் வைட்டி தனி இனமல்ல, சர்காசம் ஸ்வார்ட்சியின் இன்னொரு பெயரே என்று இன்றைய வகைப்பாட்டுப் பட்டியல்கள் கொள்கின்றன. உறுதியான அடையாளமும், உலர்மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்ற குறிப்பும் இல்லாத கட்டுரை எந்தப் பாசியைப் பற்றிப் பேசுகிறது என்பதே நிச்சயமில்லை. இளம் ஆய்வாளர்களின் உழைப்பு இப்படி வீணாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறை அவர்களிடம் இல்லை. பிரித்தறியும் கருவிகளும் அதற்கான பொறுமையும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

மனிதரிடம் சோதனை வரை போன முயற்சிகளும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியவை. சீனா 2019 நவம்பரில் பழுப்புப் பாசிச் சர்க்கரைத் துண்டுகளாலான ஒரு மருந்தை அல்சைமர் நோய்க்கு நிபந்தனையோடு அனுமதித்தது. சான்று போதுமா என்ற ஐயம் உலகம் முழுதும் எழுந்தது. நம் பக்கத்தில், இப்போது கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கடல்மின் என்ற பெயரில் பாசிச் சாறு மாத்திரைகளை மூட்டுவலி முதலியவற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தரம் பார்த்துச் செய்யும் அரசு நிறுவனத்தின் வேலை அது. வீட்டில் கட்டக்கோரையைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட அது அனுமதி ஆகாது.

ஏனென்றால் ஆர்செனிக். சர்காசம் பேரினத்துப் பாசிகள் கடல்நீரின் ஆர்செனேட்டைப் பாஸ்பேட் என்று எண்ணி உள்ளே இழுக்கின்றன. பெரும்பாலான பாசிகள் அதை நச்சுக் குறைந்த ஆர்செனிக்-சர்க்கரையாக மாற்றிவிடும். சர்காசத்தின் சில இனங்களில் கனிம ஆர்செனிக்காகவே கணிசமாகத் தங்கும். ஜப்பானியர் உண்ணும் ஹிஜிகி என்ற சர்காசத்தைத் தவிர்க்கும்படி 2001இல் கனடாவும் 2004இல் பிரிட்டனும் தங்கள் மக்களுக்கு அறிவுரை சொன்னது இதனால்தான். 2011 முதல் அட்லாண்டிக்கின் குறுக்கே பட்டையாக மிதந்து கரீபியக் கரைகளில் குவியும் சர்காசத்தை உரமாக்கலாமா என்ற விவாதத்திலும் முதலில் நிற்கும் தடை ஆர்செனிக்தான். 2018இல் அந்தப் பட்டை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடந்தது, 2 கோடி டன்னுக்கு மேல் எடை. இத்தனை சரக்கு இலவசமாகக் கரையேறியும் அதை நிம்மதியாக வயலில் போட முடியவில்லை.

உலோகம் பிடிக்கும் கலை

இனி சென்னைக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் விஜயராகவன், பத்மேஷ், பழனிவேலு, வேலன் ஆகியோர் 2000களின் நடுவில் ஒரு தொடர் ஆய்வு செய்தார்கள். உல்வா, டர்பினேரியா, கட்டக்கோரை ஆகிய பாசிகளைக் காயவைத்து, நிக்கலும் செம்பும் கரைந்த நீரில் போட்டும், குழாயில் நிரப்பி நீரை ஓடவிட்டும் எவ்வளவு பிடிக்கின்றன என்று அளந்தார்கள். நிக்கலைக் கட்டக்கோரை பிடிப்பது பற்றிய கட்டுரை 2006இல் வெளியானது. உயிருள்ள பாசி தேவையில்லை, செத்துக் காய்ந்த சருகே போதும் என்பதுதான் இந்த முறையின் அழகு. பிடிப்பது செல்சுவரின் அல்ஜினேட், அது பாசி செத்தாலும் சாவதில்லை. நீர் லேசான அமிலத்தன்மையில் இருக்கும்போது உலோகம் ஒட்டும். கடுமையான அமிலத்தில் அலசினால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை வெளியே தள்ளும். அப்படி அலசி, சருகைத் திரும்பவும் பயன்படுத்தலாம், உலோகத்தையும் மீட்கலாம்.

இது உண்மையான அறிவியல். கவனமாகச் செய்யப்பட்டது, உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது. ஆனால் இதை அப்படியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு எடுத்துப் போக முடியாது. அதற்கான காரணமும் வேதியியலிலேயே இருக்கிறது.

அல்ஜினேட் எல்லா உலோகத்தையும் ஒரே ஆசையோடு பிடிப்பதில்லை. நார்வேயின் ஹவுக் முதலானோர் 1960களில் வகுத்த வரிசையில் ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவை கால்சியத்துக்கு மேலே நிற்கின்றன, கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ் கீழே. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, மக்னீசியம் அதன் மூன்று மடங்கு. ஆய்வுக்கூடத்தில் வாலைவடி நீரில் தனியாகக் கரைத்த நிக்கலைப் பிடிக்கும் பாசி, கழிமுகத்தில் கால்சியக் கூட்டத்துக்கு நடுவே மைக்ரோகிராம் கணக்கில் திரியும் நிக்கலைத் தேடிப் பிடிக்காது. ஆர்செனிக்கும் ஆறாம் இணைதிற குரோமியமும் நீரில் எதிர்மின் அயனிகளாக இருக்கின்றன. எதிர்மின் கார்பாக்சில் அவற்றைத் தள்ளவே செய்யும். குரோமேட்டைப் பழுப்புப் பாசி குறைப்பது வேறு வழியில்: கடும் அமிலத்தில் அதன் கரிமப்பொருள் குரோமேட்டை மூன்றாம் இணைதிறத்துக்கு இறக்குகிறது. கழிமுகத்தில் அந்த அமிலத்தன்மை கிடையாது, இருந்தால் மீன் எதுவும் மிஞ்சாது.

எண்ணூரின் நோயும் கரைந்த உலோகம் மட்டுமல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது, வல்லூர் 2012க்குப் பிறகு. சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் தள்ளும் முறையில் குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலையாற்றின் கழிவெளியில் ஆளை உள்வாங்கும் சேறாகப் படிந்திருக்கிறது. இறாலும் நண்டும் வாழ்ந்த ஆழம் அடைபட்டுப் போனது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொன்னதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் ஏற்று, மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அதற்கு முன்பு 2017 ஜனவரி 28இல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரை முழுதும் எண்ணெய் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. படிந்த சாம்பலைப் பாசி உண்ணாது, எண்ணெயை அல்ஜினேட் பிடிக்காது. சாம்பலை வாரித்தான் எடுக்க வேண்டும், குழாயை மாற்றத்தான் வேண்டும். இந்த இடத்தில் பாசியைக் காட்டுவது, வார வேண்டியவர்களுக்கு ஒரு சாக்கைக் கொடுப்பதாகவே முடியும்.

கட்டக்கோரைக்கு வேலை இருப்பது குழாயின் மறுமுனையில், ஆலையின் உள்ளே. மின்முலாம் பூசும் சிறு பட்டறைகளின் அலசல் நீரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் அம்பத்தூர்ப் பக்கம் இவை நிறைய. அலசல் நீர் சிறிய அளவு, தெரிந்த உலோகம், கால்சியம் குறைவு, அமிலத்தன்மையைச் சரிசெய்ய வசதி உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் குழு குழாயில் நிரப்பிச் செய்த சோதனையின் நிலைமைகள் ஏறத்தாழ இவையே. உலோகம் சாக்கடையில் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிவெளிக்கு வந்து, கடல்நீரில் கரைந்த பிறகு துரத்துவதைவிடப் பிறந்த இடத்திலேயே பிடிப்பது எத்தனையோ மடங்கு மலிவு.

இருபது ஆண்டு கழிந்தும் அது ஏன் பட்டறைக்குள் வரவில்லை? நான் பார்க்கும் காரணங்கள் மூன்று நான்கு. பாசிச் சருகு ஒவ்வொரு மூட்டையிலும் ஒரே தரத்தில் வராது, செயற்கை அயனிப்பரிமாற்றப் பிசின் வரும். ஈரத்தில் சருகு உப்பிக் குழாயை அடைக்கும், அதன் கரிமப்பொருள் கசிந்து நீருக்கு நிறமேற்றும். சுண்ணாம்பு போட்டு வீழ்த்தும் பழைய முறை பட்டறைக்காரருக்குக் கைவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவை அப்படியே விட்டாலும் பிடிபடாத ஊரில் எந்த உறிஞ்சுபொருளுக்கும் சந்தை இருக்காது.

பாசி எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. மன்னார் வளைகுடாவில் 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கித் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குள் பாசி எடுக்கும் பெண்கள் அன்று முதல் வனத்துறையின் கெடுபிடியோடுதான் வாழ்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பறிக்கும் அவர்கள் எடுக்கும் நாட்களைத் தாங்களே கட்டுப்படுத்தியும் வந்திருக்கிறார்கள். கட்டக்கோரைப் புதர் மீன்குஞ்சுகளின் மறைவிடமும் ஆகும். வளமாவூரில் 2023 செப்டம்பரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாக அடிக்கல் நாட்டப்பட்ட கடற்பாசிப் பூங்கா போன்ற முயற்சிகளிலும் வளர்ப்பு என்றால் முதலில் நினைக்கப்படுவது வெளிநாட்டு வரவான கப்பாஃபைகஸ்தான், கட்டக்கோரை அல்ல. வடசென்னையின் அழுக்கைத் துடைக்க மன்னார் வளைகுடாவின் காட்டை வழிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

ஒரு நடுவழி இருக்கிறது. கட்டக்கோரையை நீரில் கொதிக்கவைத்து வடித்த சாறு திரவ உரமாக விற்கிறது. வடித்த பின் மிஞ்சும் சக்கையில் அல்ஜினேட்டின் பெரும்பகுதி அப்படியே இருக்கும், ஏனெனில் கால்சியத்தோடு பிணைந்த அல்ஜினேட் வெறும் நீரில் கரையாது. உரத்துக்கு ஒருமுறை, உலோகத்துக்கு ஒருமுறை என்று ஒரே பாசி இரண்டு வேலை செய்யும். இதற்காகக் கடலில் கூடுதலாக ஒரு கைப்பிடி பறிக்க வேண்டியதில்லை.

சாட்சியாக ஒரு பாசி

எண்ணூரில் பாசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு மண்டபத்திலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். நீர்மாதிரி எடுத்து உலோகம் அளந்தால் அந்த நிமிடத்து நீர்தான் தெரியும். இரவில் திறந்துவிட்டு விடியலில் மூடிய குழாய் அதில் தெரியாது. கல்லில் ஒட்டிய பாசி வாரக்கணக்கில் கடந்துபோன நீரையெல்லாம் தன் செல்சுவரில் பதிவு செய்துவைக்கும். ஐரோப்பாவில் ஃபியூகஸ் என்ற பழுப்புப் பாசியைப் பல பத்தாண்டுகளாக இப்படிச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். உல்வா உலகின் பல துறைமுகங்களில் அதே வேலை செய்கிறது. காசிமேட்டுக் கற்களிலும், திருவொற்றியூர்த் தூண்டில் வளைவுகளிலும், எண்ணூர் முகத்துவாரத்திலும் குறிப்பிட்ட இடங்களில் மாதந்தோறும் உல்வா எடுத்து ஈயம், செம்பு, காட்மியம் அளந்து பொதுவில் வெளியிட்டால், எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்பதற்கு ஒரு பதிவேடு கிடைக்கும். அலையடிக்கும் துறைமுகத்தில் படகடிப் பூச்சிலிருந்து கசியும் செம்பும், கழிமுகத்துச் சாம்பல் கசிவும் அதில் தனித்தனியே தெரியக்கூடும். எண்ணூர் நீரின் உலோகங்களைப் பற்றிய அடிப்படை ஆய்வு 2005இலேயே அச்சேறியிருக்கிறது, ஒப்பிட ஒரு தொடக்கப்புள்ளி இருக்கிறது. மாநகரின் கல்லூரிகளே செய்யக்கூடிய வேலை இது. குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாதிரி எடுக்கும் பயிற்சி கொடுத்தால், எந்தக் கல் எந்தக் காலத்தில் நீருக்கு மேலே வரும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்கள்?

அப்படி எடுத்த பாசியையோ, இந்தக் கரையில் ஒதுங்கும் வேறெந்தப் பாசியையோ உரமாக்கவோ கால்நடைக்குப் போடவோ கூடாது. பட்டறையில் உலோகம் ஏறிய சருகுக்கும் இதே விதி. சில சுற்றுக்குப் பிறகு பிடிதிறன் குறைந்த சருகை அமிலத்தில் அலசி உலோகத்தை மீட்க வேண்டும். மீட்க முடியாததை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பொதுக் கழிவுக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவைப் பட்டறைக்காரரின் கணக்கில் முதல் நாளே எழுதாத எந்தப் பாசித் திட்டமும், நிக்கலை நீரிலிருந்து எடுத்து மண்ணில் கொட்டுவதோடு நின்றுவிடும்.